காலேஜ் சேர்ற முதல் வாரமே பண்ணி வைக்க வேண்டியது: கேம்பஸ் பாதுகாப்பு பத்தி ஒரு ஹாஸ்டல் அக்கா

எங்க சித்தி பொண்ணு இந்த வருஷம் இன்ஜினியரிங் சேர்றா, வீட்ட விட்டு முதல் தடவையா ஹாஸ்டல்ல தங்கப் போறா. பெட்டி கட்டும்போது சித்தி அவகிட்ட சொன்னது மூணே மூணு விஷயம். இருட்டுனப்புறம் வெளிய போகாத, பசங்ககூட நின்னு பேசாத, ஏதாவது ஒண்ணுன்னா வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத, மானம் போயிடும். சித்தி பயத்துல சொல்றாங்க, அவங்கள குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா நான் ஆறு வருஷம் ஹாஸ்டல்ல இருந்தவ, பிஜி படிச்ச ரெண்டு வருஷமும் ஐசிசி, அதாவது பாலியல் தொல்லை புகார விசாரிக்கற காலேஜ் கமிட்டில ஸ்டூடண்ட் மெம்பரா இருந்து நிறைய பேர் அழுததப் பக்கத்துல உக்காந்து பாத்தவ, அந்த மூணாவது அறிவுரைதான் பிள்ளைங்கள மாட்ட வைக்குதுன்னு எனக்கு நல்லா தெரியும். அவளுக்கு ஒரு நோட்டுல எழுதிக் குடுத்தத கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன், பசங்க பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துதான்.

2024 டிசம்பர் 23 ராத்திரி கிண்டி அண்ணா யுனிவர்சிட்டி கேம்பஸுக்குள்ள நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெளியாள் ஒருத்தன் உள்ள வந்து, ஒரு மாணவியையும் கூட இருந்த நண்பரையும் உங்கள வீடியோ எடுத்துட்டேன்னு மிரட்டி, அந்தப் பையன அங்கேருந்து விரட்டிட்டு, அந்தப் பொண்ண வன்கொடுமை பண்ணான். இந்தப் பொண்ணு வெளிய சொல்லாதுங்கறத நம்பித்தான் அவன் அவ்வளவும் பண்ணினான். ஆனா அவங்க மறுநாளே சொல்லிட்டாங்க. 25ம் தேதி அவன் கைது. 2025 மே 28ல சென்னை மகளிர் கோர்ட் அவன குற்றவாளின்னு சொல்லுச்சு, ஜூன் 2ம் தேதி ஆயுள் தண்டனை, அதுவும் 30 வருஷத்துக்கு எந்த தண்டனைக் குறைப்பும் இல்லாம. அஞ்சு மாசம் சொச்சத்துல நம்ம ஊர்ல ஒரு கேஸ் முடியுதுன்னா அதுக்கு முதல் காரணம் அந்தப் பொண்ணு மறுநாளே வாயத் திறந்ததுதான். நான் கீழ சொல்ற எல்லாமே இத மனசுல வச்சுத்தான். மிரட்டுறவன் நம்ம மௌனத்த நம்பி வர்றான், அதனால யார்கிட்ட சொல்றது, எப்படி சொல்றதுன்னு அசம்பாவிதம் நடக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கணும், அந்த நேரத்துல யோசிக்க மூளை ஓடாது.

முதல் வாரம்

ஹாஸ்டலுக்கு வந்து பக்கெட் மக்கு வாங்கற அன்னிக்கே இதையும் முடிச்சிருங்க. உங்க கேம்பஸ ஒரு தடவை பகல்லயும் ஒரு தடவை ராத்திரி ஏழு எட்டு மணிக்கு நாலஞ்சு பேரா சேர்ந்தும் நடந்து பாருங்க. பகல்ல அழகா மரம் அடர்ந்து இருக்கற ரோடு ராத்திரில லைட்டே இல்லாம இருக்கும், லைப்ரரில இருந்து ஹாஸ்டலுக்கு குறுக்கு வழின்னு சீனியர் சொன்னது பாதி கட்டி விட்ட பில்டிங் வழியா போகும், சுவர் இடிஞ்சு வெளியாள் உள்ள வர்ற இடம் எங்கன்னு எல்லா ஹாஸ்டல்லயும் பழைய ஆளுங்களுக்குத் தெரியும், கேட்டா சொல்லிடுவாங்க. எந்த இடத்துல செக்யூரிட்டி உக்காந்திருக்காரு, எந்த கேட் எத்தன மணிக்கு மூடுவாங்க, ராத்திரி லேப் முடிஞ்சு வரும்போது கேம்பஸ் பஸ்ஸோ வண்டியோ உண்டான்னு கேட்டு வச்சுக்கோங்க. செக்யூரிட்டி அண்ணன் பேரையும் தெரிஞ்சுக்கோங்க, தினமும் போகும்போது ஒரு வணக்கம் சொன்னாலே போதும், நம்ம முகம் அவருக்குப் பழகிடும், ஒரு நாள் நீங்க பதட்டமா ஓடி வந்தா அவர் உடனே எந்திரிப்பார்.

போன்ல நம்பர் சேவ் பண்றது எல்லாரும் சொல்றதுதான், ஆனா பத்து பேர கேட்டா எட்டு பேர்கிட்ட இருக்காது. 112 அவசரத்துக்கு, நாடு முழுக்க ஒரே நம்பர். 181 பெண்களுக்கான உதவி நம்பர். 1930 ஆன்லைன்ல காசு போனா. ராகிங்குக்கு 1800-180-5522, இருபத்திநாலு மணி நேரமும் எடுப்பாங்க. மனசு சரியில்லன்னா 14416, டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம். இதோட உங்க ஹாஸ்டல் வார்டன், டெபுடி வார்டன், ஐசிசி தலைவர் மேடம், கேம்பஸ் இருக்கற எல்லையோட மகளிர் போலீஸ் ஸ்டேஷன், பக்கத்து ஆஸ்பத்திரி நம்பர். தமிழ்நாடு போலீஸோட காவல் உதவி ஆப்ப போட்டு வச்சு அதுல உங்க விவரத்த நிரப்பி வைங்க, இன்ஸ்டால் பண்ணிட்டு உள்ள போகாமலே விட்டுட்டா அவசரத்துல அது ஓடிபி கேட்டு நிக்கும். போன் செட்டிங்ஸ்ல எமர்ஜென்சி எஸ்ஓஎஸ்னு தேடுங்க, நிறைய ஆண்ட்ராய்டு போன்ல பவர் பட்டன அஞ்சு தடவை வேகமா அமுக்குனா அதுவே கூப்பிடும், நீங்க குடுத்த ரெண்டு மூணு பேருக்கு இருக்கற இடமும் போகும். உங்க மாடல்ல எப்படின்னு பாத்து வச்சுக்கோங்க.

அப்புறம் ரெண்டு பேர், ரெண்டே ரெண்டு பேர தேர்ந்தெடுங்க. ஒருத்தங்க கேம்பஸுக்குள்ள, ஒருத்தங்க வெளிய, அக்காவோ மாமாவோ பழைய டீச்சரோ யாரோ, "எனக்கு என்ன நடந்தாலும் முதல்ல உங்களத்தான் கூப்பிடுவேன், நீங்க என்னைத் திட்டக் கூடாது" அப்படின்னு வாய் விட்டு சொல்லி வைங்க. சின்ன விஷயமா தெரியும். ஆனா நான் கமிட்டில பாத்தவங்கள்ல பல பேர் மாசக்கணக்கா வாய மூடிட்டு இருந்ததுக்கு சட்டம் தெரியாதது காரணம் இல்ல, யார்கிட்ட சொன்னா திட்ட மாட்டாங்கன்னு தெரியாததுதான்.

திருட்டு

கேம்பஸ்ல அதிகமா நடக்கறது இதுதான், இத சுருக்கமா சொல்லிடறேன். லேப்டாப்பும் போனும் காணாம போறது பெரும்பாலும் பூட்டாத ரூம்லேருந்து, ரீடிங் ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டு டீ குடிக்கப் போன நேரத்துல. குளிக்கப் போனாலும் பூட்டிட்டுப் போங்க, பீரோவுக்கு உங்க சொந்தப் பூட்டு போடுங்க. *#06# அடிச்சா உங்க போனுக்கே உரிய ஐஎம்இஐ நம்பர் வரும், அதையும் லேப்டாப் சீரியல் நம்பரையும் பில்லையும் போட்டோ எடுத்து உங்க மெயிலுக்கே அனுப்பி வைங்க, போன்லயே வச்சிருந்தா போனோடயே போயிடும். போன் போச்சுன்னா முதல்ல சிம்ம பிளாக் பண்ணுங்க, பேங்க்ல சொல்லி யுபிஐய நிறுத்துங்க, போலீஸ்ல புகார் குடுங்க, அந்தப் புகார் காப்பிய வச்சு சஞ்சார் சாத்திங்கற மத்திய அரசு தளத்துல இருக்கற சிஇஐஆர் பக்கத்துல போன பிளாக் பண்ணலாம், வேற சிம் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாது, திரும்பக் கிடைச்சா நீங்களே அன்பிளாக் பண்ணிக்கலாம். ஐடி கார்டு, மார்க் ஷீட் மாதிரி தொலைஞ்சா தமிழ்நாடு போலீஸ் தளத்துலயே தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கலாம், ஸ்டேஷன் அலைய வேண்டாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட ஹாஸ்டல்ல வைக்கவே வேண்டாம்.

ரூம்ல ஒருத்தரோட பொருள் காணாம போனா உடனே மெஸ்ல வேல பாக்கற அக்காவையோ கூட்டற அம்மாவையோ சந்தேகப்படறது வழக்கமாவே ஆயிருச்சு. ஆதாரம் இல்லாம யாரையும் கை காட்டாதீங்க, அவங்க வேலையே போயிடும்.

ராகிங்

1996 நவம்பர்ல சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டி மருத்துவக் கல்லூரில முதல் வருஷம் படிச்ச பொன் நாவரசுங்கற தம்பிய ஒரு சீனியர் கொன்னான். அதுக்கப்புறம்தான் 1997ல தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், காலேஜ விட்டும் நீக்கணும். பல பேருக்குத் தெரியாத ஒண்ணு, புகார் வந்தும் காலேஜ் தலைமை கண்டுக்காம விட்டா அவங்களும் குற்றத்துக்கு உடந்தைன்னு அதே சட்டம் சொல்லுது. 2009ல யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு போட்ட விதிப்படி குற்றம்னு தெரிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள காலேஜே போலீஸ்ல எஃப்ஐஆர் போட வைக்கணும்.

அட்மிஷன் அப்போ நீங்களும் அப்பா அம்மாவும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி குடுத்திருப்பீங்க, அத ஏதோ ஃபார்மாலிட்டின்னு நினைக்காதீங்க. உங்களை மாதிரியே அந்த சீனியரும் கையெழுத்துப் போட்டிருக்கான்.

எது ராகிங்னு ஒரு குழப்பம் எப்பவும் இருக்கு. "சும்மா இன்ட்ரோதான் தம்பி" அப்படின்னுதான் ஆரம்பிக்கும். பேரு ஊரு கேக்கறது தப்பில்ல. ராத்திரி ஒரு மணிக்கு ரூமுக்கு கூப்பிட்டு நிக்க வைக்கறது, ரெக்கார்டு நோட்டு எழுத வைக்கறது, காசு வாங்கி சரக்கு வாங்கி வரச் சொல்றது, சட்டைய கழட்டச் சொல்றது, எல்லாமே ராகிங். சீனியருங்க வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு ஜூனியர அதுல கொடுமைப்படுத்தறதையும் ராகிங்காவே பாக்கணும்னு 2025ல யுஜிசி சொல்லிருச்சு. ஜாதி, ஊரு, பேச்சு வழக்கு, நிறம், உருவம், வீட்டு வசதி இத வச்சு கிண்டல் பண்றதும் ஒதுக்கி வைக்கறதும் ராகிங்தான், 2016லயே விதில சேத்துட்டாங்க. எஸ்சி எஸ்டி மாணவர ஜாதிய சொல்லி அசிங்கப்படுத்துனா அதுக்கு எஸ்சி எஸ்டி வன்கொடுமை தடுப்புச் சட்டம் தனியா இருக்கு, டிஎஸ்பி லெவல்ல விசாரிக்கணும், அத "பசங்க சண்டை"ன்னு சமாதானம் பண்ணி வைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

என்ன பண்ணணும்னா, நடந்த அன்னிக்கே தேதி நேரம் இடம் யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. எழுதி உங்களுக்கே மெயில் அனுப்புங்க, அதுல நேரம் தானா பதிவாகும். மெசேஜ ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அனுப்புன நம்பர் தெரியற மாதிரி. உடம்புல காயம் இருந்தா கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காட்டி எழுதி வாங்குங்க. வார்டன்கிட்ட வாயால சொல்லிட்டு வராதீங்க, மெயிலா போடுங்க, மெயில் போனா பதில் சொல்லித்தான் ஆகணும். உள்ள சொல்ல பயமா இருந்தா அந்த 1800 நம்பருக்கு கூப்பிடுங்க, பேர் சொல்லாமலும் சொல்லலாம், அம்மா அப்பாவோ நண்பரோ கூட உங்களுக்காக கூப்பிடலாம்.

பசங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. ஆம்பளப் பையன் இதெல்லாம் தாங்கணும்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்கடா தம்பிங்களா. உங்க உடம்ப உங்க விருப்பம் இல்லாம ஒருத்தன் தொட்டா அது விளையாட்டு இல்ல. யுஜிசியோட 2015 விதில பையன்களும் திருநங்கை திருநம்பி மாணவர்களும் பாதிக்கப்படலாம்னு தெளிவா இருக்கு, நீங்களும் ஐசிசிக்கு போகலாம்.

ராத்திரி, வெளியாள், "வீடியோ எடுத்துட்டேன்"

லைப்ரரி, லேப், ப்ராஜக்ட் வேலைன்னு ராத்திரி ஆகத்தான் செய்யும், அத தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். வாட்ஸ்அப்ல லைவ் லொக்கேஷன் 15 நிமிஷம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம்னு இருக்கு, கிளம்பும்போது ரூம்மேட்டுக்கு போட்டுட்டு நடங்க. ரெண்டு காதுலயும் இயர்போன் வேண்டாம், ஒண்ணு போதும். ஆட்டோல ஏறும்போது நம்பர் பிளேட்ட போட்டோ எடுத்து அனுப்புங்க, டிரைவர் பாக்கற மாதிரியே எடுங்க.

இப்ப முக்கியமானது. கேம்பஸ்ல ஜோடியாவோ தனியாவோ உக்காந்திருக்கறவங்கள குறி வச்சு ஒருத்தன் வருவான், செக்யூரிட்டின்னு சொல்லுவான், போலீஸ்னு சொல்லுவான், இல்ல ஸ்டாஃப்னு சொல்லுவான். உங்கள வீடியோ எடுத்துட்டேன், டீன்கிட்ட காட்டுவேன், வீட்டுக்கு அனுப்புவேன், டிசி குடுக்க வைப்பேன்னு மிரட்டுவான். காசு கேப்பான், போன கேப்பான், நீ மட்டும் வா பேசணும்பான். அவன் கூட ஒரு அடி கூட வெளிச்சம் இல்லாத பக்கம் போகாதீங்க, உங்கள தனித்தனியா பிரிக்க விடாதீங்க. "சரி வாங்க, மெயின் கேட்ல செக்யூரிட்டி ஆபீஸ்லயே பேசிக்கலாம், வார்டன கூப்பிடறேன்" அப்படின்னு சொல்லிட்டு ஆள் நடமாட்டம் இருக்கற பக்கமா நடக்க ஆரம்பிங்க, நடந்துட்டே 112 போடுங்க, சத்தமா பேசுங்க. நெஜ ஸ்டாஃபா இருந்தா ஆபீஸுக்கு வர தயங்க மாட்டாங்க. ரெண்டு பேர் ஒரு பெஞ்சுல உக்காந்து பேசறது எந்த சட்டத்துலயும் குற்றம் இல்ல, ஹாஸ்டல் ரூல மீறியிருந்தாலும் அதுக்கு பெரும்பாலும் ஒரு வார்னிங் லெட்டர்தான், அந்த லெட்டருக்கு பயந்து ஒருத்தன் பின்னாடி இருட்டுக்குள்ள போயிடாதீங்க கண்ணுங்களா. அவன் கையில கத்தி மாதிரி ஏதாவது இருந்தா போன், காசு, செயின் எல்லாத்தையும் குடுத்துட்டு உயிரோட ஓடி வாங்க.

கத்த முடியலன்னா, ஓட முடியலன்னா, அப்படியே உறைஞ்சு நின்னுட்டா, அது உங்க தப்பு இல்ல. அந்த மாதிரி நேரத்துல உடம்பு தானா உறைஞ்சு போகும், "நீ ஏன் கத்தல"ன்னு கேக்கறவங்களுக்கு அது தெரியாது.

போனுக்குள்ள வர்ற ஆபத்து

போட்டோவ மார்ஃப் பண்ணி மிரட்டறது, பழைய காதலன் பிரைவேட் படத்த போடுவேன்னு சொல்றது, வீடியோ கால்ல முகம் தெரியாத பொண்ணு பேசி ரெக்கார்டு பண்ணி பசங்கள மிரட்டறது, மூணுலயும் பண்ண வேண்டியது ஒண்ணுதான். காசு குடுக்காதீங்க, ஒரு தடவை குடுத்தா திரும்பத் திரும்ப கேப்பான். சாட்ட அழிக்காதீங்க, அதுதான் ஆதாரம், பயத்துல முதல் வேலையா அத டெலீட் பண்ணிட்டு வந்தவங்க எத்தனையோ பேர். ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு, ப்ரொஃபைல் லிங்க காப்பி பண்ணிட்டு, அப்புறம் பிளாக் பண்ணுங்க. தேசிய சைபர் கிரைம் தளத்துல புகார் போடுங்க, பெண்கள் குழந்தைகள் சம்பந்தப்பட்டதுக்கு அதுல பேர் சொல்லாமலும் புகார் பண்ண வழி இருக்கு. ஸ்டாப் என்சிஐஐன்னு ஒரு இலவச சேவை இருக்கு, 18 வயசு தாண்டினவங்களுக்கு. உங்க படத்த அவங்களுக்கு அனுப்ப வேண்டியதே இல்ல, உங்க போன்லயே அதுக்கு ஒரு கைரேகை மாதிரி எண்ண உருவாக்கி அத மட்டும் ஃபேஸ்புக் இன்ஸ்டாகிராம் மாதிரி இதுல சேர்ந்திருக்கற கம்பெனிகளுக்கு குடுப்பாங்க, அந்தப் படத்த யாராவது அங்க ஏத்துனா கண்டுபிடிச்சு எடுத்துருவாங்க.

இன்னொன்னு, பார்ட் டைம் வேலைன்னு சொல்லி உங்க பேங்க் அக்கவுண்ட்ட வாடகைக்கு கேக்கறாங்க, ஏடிஎம் கார்டும் சிம்மும் குடு, மாசம் சில ஆயிரம் தரேன்னு. குடுக்கவே குடுக்காதீங்க. ஊர்ல யாரையோ ஏமாத்துன காசு உங்க அக்கவுண்ட் வழியா போகும், போலீஸ் முதல்ல தேடி வர்றது அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்களத்தான். உங்க காசே போயிருந்தா 1930க்கு உடனே கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்வளவு நல்லது, காசு அடுத்த அக்கவுண்ட்டுக்கு தாவறதுக்குள்ள நிறுத்த முடியும்.

ஐசிசி

உள்ளகப் புகார் குழு, எல்லா காலேஜ்லயும் இருந்தே ஆகணும், பணியிட பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டமும் 2015 யுஜிசி விதியும் சொல்லுது. தலைவர் சீனியர் பெண் பேராசிரியர், வெளில இருந்து ஒருத்தர், மாணவர் சம்பந்தப்பட்ட கேஸுன்னா யூஜி பிஜி ரிசர்ச்னு மூணு மாணவர் பிரதிநிதிங்க. நோட்டீஸ் போர்டுல பேரும் நம்பரும் ஒட்டியிருக்கணும், ஒட்டலன்னா கேளுங்க, ஏன் கேக்கறன்னு உங்கள யாரும் கேக்கக் கூடாது.

எழுத்துல புகார் குடுக்கணும், நடந்து மூணு மாசத்துக்குள்ள, தகுந்த காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். எழுத முடியாத நிலைல இருந்தா எழுத உதவி பண்றது அவங்க கடமை. 90 நாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கணும். இங்க நிறைய பேர் கோட்டை விடறது ஒண்ணு இருக்கு, விசாரணை நடக்கும்போதே இடைக்கால உதவி கேக்கலாம். அவன உங்க பக்கம் வரக் கூடாதுன்னு எச்சரிக்கச் சொல்லலாம், செக்‌ஷன் மாத்தச் சொல்லலாம், லீவு கேக்கலாம். புகார் ஒரு ப்ரொஃபசர் மேலன்னா அவர் உங்க பேப்பர திருத்தக் கூடாது, வைவா எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட வைக்கலாம். நான் இருந்தப்போ ஒரு ரிசர்ச் ஸ்காலர் அக்கா, பேரு ஊரு வேண்டாம், கைடு மேல புகார் எழுதி ஒன்றரை மாசம் பையிலயே வச்சிட்டு சுத்துனாங்க, தீசிஸ் போயிடும்னு பயம். கைட மாத்தச் சொல்லி அந்த மனுலயே கேக்கலாம்னு யாரும் அவங்களுக்கு சொல்லல. நாங்க சொன்ன அன்னிக்கு சாயங்காலமே குடுத்துட்டாங்க, வேற கைடுகிட்ட முடிச்சும் போயிட்டாங்க.

சமாதானமா போங்கன்னு கமிட்டி உங்கள தள்ளக் கூடாது. சமரசம் நீங்களா கேட்டா மட்டும்தான், அதுலயும் காசு வாங்கி முடிக்கறது கூடவே கூடாது. ஐசிசிக்கு போனா போலீஸுக்கு போகக் கூடாதுன்னு யாராவது சொன்னா அது பொய், ரெண்டும் தனித்தனி, ஒரே நேரத்துல நடக்கலாம், வேணும்னா புகார் குடுக்க காலேஜே கூட நிக்கணும்.

போலீஸும் ஆஸ்பத்திரியும்

பாலியல் வன்கொடுமை நடந்திருந்தா முதல்ல பாதுகாப்பான இடம், அப்புறம் உங்க அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர். முடிஞ்சா குளிக்காதீங்க, துணிய துவைக்காதீங்க, மாத்திட்டா பழைய துணிய பேப்பர் கவர்ல வைங்க, பிளாஸ்டிக்ல ஈரம் தங்கும். குளிச்சிட்டா பரவாயில்ல, அதனால கேஸ் போச்சுன்னு நினைச்சு விட்டுறாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்கு போகலாம், எஃப்ஐஆர் போட்டாதான் பாப்போம்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல, கவர்மெண்டோ பிரைவேட்டோ இலவசமா சிகிச்சை குடுக்கணும், மறுத்தா அதுவே குற்றம். கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எச்ஐவி தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு முன்னாடியோ அவ்வளவு நல்லது, டாக்டர் மறந்தாலும் நீங்களோ கூட வந்தவங்களோ கேளுங்க. பிறப்புறுப்புல விரல் விட்டுப் பாக்கற டூ ஃபிங்கர் டெஸ்ட் எடுக்கக் கூடாதுன்னு 2022லயும் சுப்ரீம் கோர்ட் கண்டிச்சு சொல்லியிருக்கு. 181ல கூப்பிட்டா ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்லுவாங்க, அங்க தங்க இடம், கவுன்சிலிங், வக்கீல் உதவி எல்லாம் ஒரே இடத்துல.

எந்த ஸ்டேஷன்லயும் புகார் குடுக்கலாம், "இது எங்க எல்லை இல்ல"ங்கற பேச்சு 2024 ஜூலை 1ல இருந்து செல்லாது, புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துலயே இதுக்கு ஜீரோ எஃப்ஐஆர் இருக்கு. ஆன்லைன்லயும் அனுப்பலாம், மூணு நாளுக்குள்ள போய் கையெழுத்து போடணும். பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுதணும். எழுதுனத படிச்சுக் காட்டச் சொல்லுங்க, நீங்க சொன்னது மாறியிருந்தா கையெழுத்து போடாதீங்க. எஃப்ஐஆர் காப்பி இலவசம். நம்ம ஊர்ல ஒரு பழக்கம் உண்டு, சிஎஸ்ஆர் ரசீது ஒண்ண கையில குடுத்து "விசாரிக்கறோம் போங்கம்மா"ன்னு அனுப்பிடுவாங்க. சிஎஸ்ஆர் எஃப்ஐஆர் கிடையாது, அது புகார் வாங்கினதுக்கு ரசீது மட்டும்தான். எஃப்ஐஆர் நம்பர் என்னன்னு கேளுங்க. போட மறுத்தா எஸ்பிக்கோ கமிஷனருக்கோ எழுத்துல அனுப்புங்க, அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல மனு போடலாம். பாலியல் குற்றத்துல எஃப்ஐஆர் போட மறுக்கற அதிகாரிக்கு ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு சட்டத்துல இருக்கு.

பேர் வெளிய வந்துருமேன்னு பயம் இருக்கும், நியாயமான பயம்தான். கிண்டி கேஸ்லயே எஃப்ஐஆர் வெளிய கசிஞ்சுது, மனச கொதிக்க வச்ச விஷயம் அது. ஆனா ஹைகோர்ட் அத அப்படியே விடல, பெண் ஐபிஎஸ் அதிகாரிங்க மட்டும் இருக்கற சிறப்புக் குழுவ போட்டுச்சு, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபா இடைக்கால இழப்பீடு குடுக்கச் சொல்லுச்சு. பாதிக்கப்பட்டவங்க அடையாளத்த வெளியிட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், புது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ல 72வது பிரிவு. இது பத்திரிகைக்கு மட்டும் இல்ல, கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல "இந்தப் பொண்ணுதானாம்"னு பேர் போடறவனுக்கும் சேர்த்துதான், தெரியாம ஃபார்வர்டு பண்ணாதீங்க.

ஒரு ஃப்ரெண்டு உங்ககிட்ட வந்து சொன்னா

முதல்ல நம்புங்க. "நீ ஏன் அங்க போன"ன்னு கேக்காதீங்க, "இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல"ன்னு கேக்காதீங்க. தண்ணி குடுங்க, பக்கத்துல உக்காருங்க, இப்ப உனக்கு என்ன வேணும்னு கேளுங்க. என்ன பண்ணலாம்னு வழிய சொல்லுங்க, முடிவ அவங்க எடுக்கட்டும். அவங்க அனுமதி இல்லாம இன்னொருத்தர்கிட்ட சொல்லாதீங்க, ஆனா உயிருக்கே ஆபத்துன்னு தோணுச்சுன்னா, சாகப் போறேன்னு சொன்னாங்கன்னா, அப்ப ரகசியம் முக்கியம் இல்ல, தனியா விடாதீங்க, வார்டனையோ 112ஐயோ கூப்பிடுங்க. ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடவே போங்க. நடந்தத அவங்க முதல்ல சொன்ன வார்த்தையிலயே எழுதி வைங்க, நாளைக்கு கோர்ட்ல உங்க சாட்சி பெரிய பலம்.

நிர்வாகத்துக்கிட்ட கேக்க வேண்டியது

எங்கயாவது ஒண்ணு நடந்தா உடனே பெண்கள் ஹாஸ்டல் கேட்ட ஆறரை மணிக்கு பூட்டிருவாங்க. லைட் போட மாட்டாங்க, சுவர கட்ட மாட்டாங்க, கேமரா ஓடுதான்னு பாக்க மாட்டாங்க. பாதுகாப்ப காரணம் காட்டி பையன்களுக்கு இல்லாத கட்டுப்பாட்ட பெண்கள் ஹாஸ்டல்ல மட்டும் போடக் கூடாதுன்னு அந்த 2015 விதிலயே எழுதியிருக்கு, இத பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டே போய் பேசுங்க. ஆறரை மணிக்கு பூட்டுனா லேட்டானவ பயந்துட்டு பின் வழியா வருவா, ஏதாவது நடந்தா லேட்டானதுக்கு திட்டு விழும்னு சொல்லவே மாட்டா, மிரட்டறவனுக்கு அது ரொம்ப வசதி. அதுக்கு பதிலா நீங்க ராத்திரி நடந்து பாத்தீங்கல்ல, அந்த இருட்டான இடங்கள போட்டோ எடுத்து, எந்த லைட் எரியல, எந்த கேமரா ஓடல, எந்த இடத்துல சுவர் இல்லன்னு பட்டியல் போட்டு, நூறு பேர் கையெழுத்தோட ரெஜிஸ்ட்ராருக்கு குடுங்க, ஒரு காப்பில சீல் வாங்கிக்கோங்க. அரசு யுனிவர்சிட்டின்னா ஒரு மாசம் கழிச்சு ஆர்டிஐல என்ன நடவடிக்கைன்னு கேளுங்க, பத்து ரூபா செலவு. எங்க ஹாஸ்டல் பின்னாடி ரோட்டுக்கு நாலு லைட் வந்தது இப்படித்தான்.

அப்பா அம்மாக்களுக்கு. பிள்ளை போன் பண்ணி அழுதா முதல் வார்த்தையா "இதுக்குத்தான் சொன்னேன், பெட்டிய கட்டிட்டு கிளம்பி வா"ன்னு சொல்லாதீங்க, படிப்ப நிறுத்திருவாங்களோங்கற பயத்துலதான் பாதிப் பேர் வீட்டுல மறைக்கறாங்க. "நீ பத்திரமா இருக்கியா, சாப்பிட்டியா, நான் வரட்டுமா" இத கேளுங்க. சித்திகிட்டயும் இதத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம் மூடுன பெட்டிய திரும்பத் திறந்து அந்த நோட்ட மேலாப்புல வச்சுட்டு, அவளோட ஐசிசி மேடம் நம்பர் கிடைச்சதும் எனக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுன்னாங்க.